சினிமா நோட்டீஸில் செய்த யானை

பரிமளத்துக்குச் சிரிப்பு வரக் கூடாத இடத்தில்தான் வரும். தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரின் மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். மணவறையிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெண்ணைப் பெற்ற செல்லையா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை அழகுமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. மூன்றாவது முடிச்சை எங்கே போட்டோம் என்று தெரியாமலே போட்டு முடித்தான்.

அவள் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கல்யாணமாகி மாத்தளை டவுனுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அழகுமுத்துவுக்குச் சினிமாக் கொட்டகையில் போஸ்டர் ஒட்டுகிற வேலை. படம் மாறுகிற நாட்களில் காரில் லவுட் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு நாலந்தை, நாவுல வரைக்கும் நோட்டீஸ் வீசிக்கொண்டு போவான். அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் கட்டிலுக்குக் கீழே முழுக்க நோட்டீஸ் கட்டுகள்தான்: ரோஸ், மஞ்சள், பச்சை, நீலம். அடுப்பில் ஒரு பக்கம் சோறு கொதிக்கும், மறு பக்கம் கோதுமை மாப் பசை கொதிக்கும். வந்த புதிதில் ஒருநாள் பசையைக் கஞ்சி என்று நினைத்து உப்புப் போட்டு, வெங்காயமும் தாளித்துக் கொட்டிவிட்டாள். அந்த வாரம் ஒட்டிய போஸ்டர்களை ஊர் ஆடுகள் எல்லாம் தேடி வந்து தின்றன.

அறுபத்திரண்டாம் ஆண்டு டிசம்பர் விடுமுறை தொடங்கிய நேரம். அலுவிகாரைக்குப் போகும் பாதையில் இருந்த தமிழ்ப் பாடசாலையின் மதிலில், வெள்ளையடித்து இரண்டு நாள்கூட ஆகாத நிலையில், அழகுமுத்து நீளமாக ஒரு போஸ்டரை ஒட்டிவிட்டான். பெரிய வாத்தியார் சிவலிங்கம் கொட்டகைக்கு ஆள் அனுப்பினார். ஒட்டியவனே வந்து சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் பொலிசுக்குச் சொல்வாராம். அழகுமுத்துவோ அன்று காலையிலேயே நோட்டீஸ் காரில் ஏறிப் போயிருந்தான்.

"நானே போய்ச் சுரண்டிட்டு வந்துடுறேன்" என்று பரிமளம் கிளம்பினாள். பெரிய வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறோமே, கந்தலாகவா போவது? கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஒரு பைக்குள் பிரஷ், பழைய கத்தி, கத்தரிக்கோல். கையில் ஒரு வாளி. மழை வரும்போலிருந்ததால் அக்குளில் குடை.

பாடசாலை வாசலில் கால் வைத்ததும் வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்ட வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். அவர்தான் சிவலிங்கம் வாத்தியார். நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்லிக்கொள்வார்.

"வாங்க டீச்சர், வாங்க! கண்டி ட்ரெயின்லதானே வந்தீங்க? ஆமா, பஸ்ல வந்தா இந்நேரத்துக்கு வந்து சேர முடியாது. களைப்பா இருக்குமே? இருக்கும். ஆனா லீவு வகுப்புக்குப் புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க. கைப்பணிச் சாமானெல்லாம் நீங்களே கொண்டாந்துட்டீங்களா? அட, வாளி கூட!"

"ஐயா, நான் வந்து... அந்த மதில்..."

"மதிலா? எவனோ ஒரு சினிமாக்காரன் ஒட்டித் தொலைச்சிட்டான். அதை நீங்க ஏன் யோசிக்கிறீங்க? யோசிக்கவே வேணாம். அதைச் சுரண்ட ஆள் வருது."

அந்த இடத்தில்தான் பரிமளத்துக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. சிரித்த முகமுள்ள டீச்சர் கிடைத்துவிட்டார் என்று வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். வாளியை அவரே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னாலேயே போய் மண்டபத்துக்குள் நின்றபோது, நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்!" என்று பாடினார்கள்.

பரிமளம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. வணக்கம் அவளுக்குத்தான். பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் அப்படி எழுந்து நின்று வணக்கம் சொன்னதில்லை. உடம்பெல்லாம் ஒரு மாதிரி கூசியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் வாத்தியார், "பழகிட்டீங்கல்ல? பழகிடுவீங்க. நான் கல்விக் கந்தோர் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று தன் குடையை விரித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

மேசையில் பல நிறத்தில் மெல்லிய பட்டத்தாள் கட்டு ஒன்று இருந்தது. எண்பது கண்கள் அவளையே பார்த்தன. முன் வரிசையில் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி. துணிக்கடை பலீலுடைய மகள் ஹிதாயா.

"டீச்சர், இன்னைக்கு என்ன செய்யப் போறோம்?"

அது பரிமளத்துக்கே தெரியாதே! "முதல்ல உங்களுக்கு என்ன தெரியும்னு நான் பாக்கணும்" என்றாள். சொன்ன பிறகுதான், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துவிட்டோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹிதாயா ஒரு தாளை எடுத்து மளமளவென்று மடித்துக் கப்பல் ஒன்று செய்தாள். "எங்க வாப்பா காட்டித் தந்தது டீச்சர். இந்தக் கப்பல் கடலுக்குப் போவுது. கல்லுல முட்டி முன் பக்கம் உடையுது." கப்பலின் மூக்கைக் கிழித்தாள். "பின் பக்கமும் உடையுது." அதையும் கிழித்தாள். "பாய்மரமும் போயிருச்சி." நடு உச்சியையும் கிழித்தாள். "கப்பல்காரனுக்கு மிஞ்சினது என்னா?" என்று கேட்டுக்கொண்டே பிரித்துக் காட்டினாள். கையும் கழுத்துமாக ஒரு சட்டை!

பரிமளம் கைதட்டித் துள்ளினாள். "இன்னொரு தரம் காட்டு புள்ள, இன்னொரு தரம்!" டீச்சர் ஒருவர் இப்படித் துள்ளி யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. ஒருவன் தாளைச் சுருளாக வெட்டிப் பாம்பு செய்து, மூச்சால் ஊதிச் சுற்ற வைத்தான். ஒருத்தி வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி கோத்தாள். விசிறி வந்தது, தவளை வந்தது, யாருக்கும் இன்னதென்று புரியாத ஒரு மிருகமும் வந்தது. பரிமளமும் சும்மா இருக்கவில்லை. தாளை மடித்து வெட்டினால் கை கோத்த பொம்மைகள் வரிசையாக வரும் என்று எங்கேயோ பார்த்த ஞாபகம். மடித்தாள், வெட்டினாள், பிரித்தாள். மடிப்புப் பக்கத்தையே வெட்டிவிட்டதால் பொம்மைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று தரையில் விழுந்தன.

பிள்ளைகள் எட்டிக் குனிந்து பொம்மைகளைப் பார்த்தார்கள்.

"இவங்களுக்குள்ள சண்டை" என்றாள் பரிமளம்.

சிரிப்பு வெடித்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மையைப் பொறுக்கி, எதனால் சண்டை வந்தது என்று கதை கட்டினார்கள். மத்தியானத்துக்குள் பட்டத்தாள் முக்கால்வாசி தீர்ந்துபோயிற்று. "நாளைக்கு நான் கொண்டாறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் பரிமளம். நாளைக்கு! வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வரும்போதுதான் மதிலின் ஞாபகம் வந்தது. போஸ்டர் அப்படியே இருந்தது.

அழகுமுத்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீ டீச்சரா?"

"நான் சொல்லலைங்க. அவருதான் சொன்னாரு."

"அஞ்சாங் கிளாஸ் படிச்சிட்டு டீச்சரா! புடிச்சி உள்ள போட்டுருவாங்க புள்ள. நாளைக்கே போயி விசயத்தைச் சொல்லிரு."

"சொல்லத்தான் பாக்குறேன். அவரு விட்டாத்தானே? ஏங்க, கட்டிலுக்கு அடியில இருக்குற பழைய நோட்டீஸ் எல்லாம் இனி உதவாதுதானே?"

அழகுமுத்து அவளை உற்றுப் பார்த்தான். பிறகு எழுந்து போய்ப் பசைக்கு அடுப்பை மூட்டினான்.

அடுத்த நாளிலிருந்து மாத்தளையில் அதுவரைக்கும் யாரும் பார்த்திராத பட்டாம்பூச்சிகள் பறந்தன. ஒரு இறக்கையில் 'தினசரி மூன்று காட்சிகள்', மறு இறக்கையில் 'பெண்களுக்குத் தனி இடம்'. ரோஸ் கிளியின் வயிற்றில் 'கண்ணீர்க் காவியம்'. தாமரைப்பூ ஒன்றின் இதழ் இதழாக 'வருகிறது! வருகிறது!' பிள்ளைகள் எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு உருண்டு புரண்டு சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் பரிமளம் வாத்தியாரைத் தேடித்தான் போனாள்.

"ஐயா, நான் டீச்சர்..."

"டீச்சர்னா இப்படித்தான் இருக்கணும்னு சொல்றீங்களா? அதையேதான் நானும் சொல்றேன்!"

ஒருநாள் அவரே ஓடி வந்தார். சனிக்கிழமை, பாடசாலைகளைச் சோதிக்கிற வித்தியாதரிசி ஐயா கண்காட்சி பார்க்க வரப்போகிறாராம். "பெருசா ஏதாவது செய்ய முடியுமா? ஏன் முடியாது, முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"யானை!" என்று கத்தினாள் ஹிதாயா. "நாலு பேரு உள்ள நின்னு நடக்குற யானை!"

மண்டபமே யானை யானை என்று அதிர்ந்தது. யானை என்றால் கூடு கட்ட வேண்டும். அழகுமுத்துவை அழைத்து வந்தாள். அவன் மூங்கிலைப் பிளந்து, கம்பியால் முடிந்து, ஒரு நாளில் யானையின் எலும்பை நிறுத்திவிட்டான். பிள்ளைகளுக்கு அவன் மூங்கில் மாமா. வாத்தியாரின் தலை தெரிந்தால் மட்டும் மாமா யானையின் வயிற்றுக்குள் புகுந்துகொள்வார். சாக்கைச் சுற்றி, பசையை அள்ளிப் பூசி, நோட்டீஸைத் திருப்பியும் திருப்பாமலும் பிள்ளைகள் ஒட்டினார்கள். தலைமுடியில் பசை, மூக்கில் பசை. ஒரு பையன் இன்னொருவனின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, இருவரையும் பிரித்தெடுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த சிவப்புப் பட்டத்தாளையெல்லாம் வெட்டி, பூவாகச் சுருட்டி, முதுகில் ஒரு அம்பாரி வைத்தார்கள். காது இரண்டும் பெரிதாக வேண்டும் என்று போஸ்டர் தாளிலேயே வெட்டினார்கள். வலது காதில் 'இன்றே கடைசி' என்று சிவப்பில் வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், கண்ணாடி போட்ட நடுத்தர வயது அம்மா ஒருவர் கையில் பெரிய பையோடு பாடசாலை வாசலில் வந்து நின்றார். இவர்தான் சுந்தரம்மா, கண்டியிலிருந்து வர வேண்டிய உண்மையான கைப்பணி டீச்சர். ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தார். தந்தி அடிக்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் அதை மறந்துவிட்டார். சுந்தரம்மா வாயைத் திறப்பதற்குள் சிவலிங்கம் வாத்தியார் முந்திக்கொண்டார்.

"வந்துட்டியாம்மா? இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? ஒரு வாரமாச்சு! புருசன் ஒட்டுவான், நீ சுரண்டுவ. வாளி இருக்கா? நான் தாறேன். அந்தா, அந்த மதில்தான்."

யன்னல் வழியாக இதைக் கேட்ட பரிமளத்துக்குப் பயம் பிடித்தது. அதே நேரத்தில் சிரிப்பும் வயிற்றிலிருந்து கிளம்பியது. இரண்டையும் சுமந்துகொண்டு வெளியே ஓடினாள். வாத்தியார் உள்ளே போயிருந்தார். மதில் ஓரத்தில் வாளியையும் பிரஷையும் பிடித்தபடி சுந்தரம்மா டீச்சர் கல்லாய்ச் சமைந்து நின்றார்.

"அம்மா, மன்னிச்சிருங்க. அந்த மதிலச் சுரண்ட வேண்டியது நான். உள்ள நிக்க வேண்டியது நீங்க" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

சுந்தரம்மாவின் முகம் சிவந்தது. "என்னோட இடத்துல நீயா? பதினாலு வருசம் சேர்விஸ் எனக்கு! என்னைப் போயி போஸ்டர் சுரண்டுன்னு சொல்லிட்டுப் போறாரு! புருசன் ஒட்டுவானாம். என் புருசன் தபால் கந்தோர்ல..." என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். "அவரும் ஒட்டுறவருதான். முத்திரை ஒட்டுவாரு" என்று சொல்லிவிட்டு, வாளியைக் கீழே வைத்து, மதிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பரிமளமும் சேர்ந்துகொண்டாள். பாதையில் போன மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்த பிறகு சுந்தரம்மா கேட்டார்: "அப்ப புள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்த?"

"நான் எங்கம்மா சொல்லிக் குடுத்தேன்? அதுங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சிங்க."

யன்னலில் எட்டிப் பார்த்த சுந்தரம்மா, யானையின் மேல் ஏறியும் அடியில் படுத்தும் ஒட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தும்பிக்கை தொங்கிப்போச்சே. உள்ள கம்பி வைக்கலையா?" என்றார். பிறகு, "நாளைக்குக் கண்காட்சி முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம். இப்ப நான் உள்ள வந்தா அந்த மனுசன் விட மாட்டாரு" என்று சொல்லி, சேலையைச் செருகிக்கொண்டு, நிஜமாகவே மதிலைச் சுரண்டி முடித்தார். வாத்தியார் கந்தோருக்குக் கிளம்பிய பிறகு உள்ளே வந்து தும்பிக்கைக்குக் கம்பி வைத்தார்.

சனிக்கிழமை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. பலீல் முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மர நிழலில் நாற்காலி போட்டு வித்தியாதரிசி ஐயாவை உட்கார வைத்திருந்தார்கள். மேளத்துக்குப் பதிலாகத் தகரம் தட்ட, நான்கு பிள்ளைகளைக் கால்களாக வைத்து யானை அசைந்து அசைந்து வந்தது. தலைக்குள் நின்ற அழகுமுத்து தும்பிக்கையைத் தூக்கி வித்தியாதரிசிக்குச் சலாம் வைத்தான். கைதட்டல் அடங்கவில்லை. சிவலிங்கம் வாத்தியார் எழுந்து, "இந்த யானை யாருடைய உழைப்பு? நம்முடைய..." என்று தொடங்கினார்.

மழை கொட்டியது.

தூறல் கூட இல்லாமல் எடுத்த எடுப்பில் சடசடவென்று கொட்டிய மழை. "யானையை உள்ளே கொண்டு போங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். யானை மண்டபத்தை நோக்கி ஓடியது. காலையில் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுத்த கதவு சின்னது. முட்டிக்கொண்டு நின்றது. வாத்தியார் ஓடிப்போய்க் காதைப் பிடித்து இழுத்தார். காது கையோடு வந்தது. வித்தியாதரிசி தன் குடையை யானைக்குப் பிடித்தார். அம்பாரியின் சிவப்புச் சாயம் கரைந்து, வாத்தியாரின் வெள்ளை வேட்டி, வித்தியாதரிசியின் காற்சட்டை, பலீல் முதலாளியின் தாடி எல்லாவற்றிலும் ஓடியது. பசை ஊறி யானையின் தோல் பாளம் பாளமாக வழுக்கி விழுந்தது. வயிற்றுக்குள்ளே இருந்த நான்கு பிள்ளைகளும் வெளியே தெரிய, யானை போய்விட்டது என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. வெறும் மூங்கில் கூட்டைத் தூக்கிக்கொண்டு, "ம்ம், ம்ம்" என்று பிளிறியபடி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

வாத்தியார் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். கையிலிருந்த காது கிழிந்து, 'இன்றே கடைசி' என்ற துண்டு அவருடைய வழுக்கையில் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது.

முதலில் சிரித்தவர் வித்தியாதரிசி. அதற்குப் பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தலையைத் தடவித் துண்டைப் பிய்த்து வாசித்துப் பார்த்த சிவலிங்கம் வாத்தியாரும் சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் வாயடைத்து நின்றது அப்போதுதான்.

பரிமளம் விட்டுவிடவில்லை. தொப்பலாக நனைந்தபடி அவர் முன்னால் போய் நின்று மூச்சு விடாமல் சொன்னாள்: "ஐயா, நான் டீச்சர் இல்லை. மதிலைச் சுரண்ட வந்த போஸ்டர்காரர் பொண்டாட்டி. யானைத் தலைக்குள்ள இருக்குறவருதான் அந்தப் போஸ்டர்காரர். நான் அஞ்சாங் கிளாஸ்தான் படிச்சிருக்கேன்."

வாத்தியார் மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப மதிலைச் சுரண்டினது யாரு?"

இந்தத் தடவை பதில் அவருக்குத் தெரியவில்லை.

"நான்தான் சேர்" என்று கூட்டத்திலிருந்து கை தூக்கினார் சுந்தரம்மா. "கண்டி ட்ரெயின்லதான் வந்தேன்."

வித்தியாதரிசி விறாந்தைத் தூணைக் கட்டிக்கொண்டார். லேஞ்சியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் ஒருவழியாகச் சொன்னார்: "இந்தப் பிள்ளையை நான் டீச்சர் ஆக்க முடியாது. சட்டம் இடம் கொடாது. ஆனால் விடுமுறையில் பிள்ளைகளோடு கடதாசி வெட்ட வேண்டாம் என்று எந்தச் சட்டமும் இல்லை. சுந்தரம்மா டீச்சர், உங்களுக்கு உதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று எழுதித் தாருங்கள்."

சுந்தரம்மா எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எழுபதுகள் வரைக்கும் டிசம்பர் விடுமுறை தோறும் அந்த இரண்டு பேரும்தான் அந்த மண்டபத்தில் நின்றார்கள். சுந்தரம்மா அளந்து மடிப்பார். பரிமளம் அளக்காமல் மடித்து, என்ன வருகிறதோ அதற்குப் பேர் வைப்பாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடுவார்கள். சிவலிங்கம் வாத்தியார் ஓய்வு பெறும்வரை கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டிருந்தார். பாதி நேரம் அது அவரால் முடிந்தது.

ஆனால் அந்த முதல் வருடம் பிள்ளைகள் அடுத்த டிசம்பர் வரைக்கும் பொறுத்திருக்கவில்லை. சித்திரை லீவு விட்ட அன்றைக்கே ஹிதாயாவின் தலைமையில் ஒரு பட்டாளம் பரிமளத்தின் வீட்டைத் தேடி வந்துவிட்டது. அவளுக்கு அப்போது ஐந்து மாதம். குனிய முடியாமல் வாசலில் பாயை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். எல்லோருமாகக் காற்றாடி செய்தார்கள். ஈர்க்கில் குத்தி, வேலி முழுக்க, கொடிக்கம்பி முழுக்க, அழகுமுத்துவின் சைக்கிளிலும் செருகினார்கள். மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ரோஸும் மஞ்சளும் பச்சையுமாக வேலியே சுழன்று கிர்ரென்று இரைந்தது. பாதையில் போன கண்டி பஸ் மெதுவாகிப் பிறகு நின்றே விட்டது. சனங்கள் யன்னல்களில் தலையை நீட்டினார்கள்.

"டீச்சர், பஸ்ஸு நிக்குது! எங்களைத்தான் பாக்குறாங்க!" என்று குதித்தாள் ஹிதாயா.

பரிமளம் எழ முயன்றாள், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சும்மா பாத்துட்டு நிக்காதீங்க. ஆளுக்கொண்ணு கொண்டு போயிக் குடுங்க!" என்றாள். பிள்ளைகள் வேலியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த பஸ் யன்னலுக்கு யன்னல் காற்றாடி சுழல, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு கண்டிப் பக்கம் புறப்பட்டுப் போனது.